பதினேழு துண்டுகள்

— அந்தக் கவரைப் பைக்குள்ள வை தம்பி. எஸ்டேட் ஆப்பீஸ் கிராணி எந்த நேரமும் வந்துருவாரு.

— வரட்டும் அக்கா. அவர் கையில குடுக்கத்தான் விடியறதுக்கு முன்னயே பினாங்குல காடியை எடுத்தேன்.

— குடுத்தா?

— மச்சான் பேரு அந்தக் கேஸ்ல இருந்து வெளிய வந்துரும்.

— ஒன் பேரு உள்ள போயிரும் லா.

— போகட்டும்.

— போகட்டுமாம்! எவ்ளோ சுளுவா சொல்றான் பாரு. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், ஒன்னைய டாக்டராக்க நான் எத்தனை கூடைத் தேயிலைக் கொழுந்து எடுத்திருப்பேன்? அதையும் சேத்தா போகட்டுங்கிற?

— மெதுவா பேசு. உள்ள அம்மாக்கண்ணுக்குக் கேக்கும்.

— கேக்காது. மிஸ்ஸி இப்பதான் ஊசி போட்டுட்டுப் போச்சு. தூங்குறா. அதுவரைக்கும் மகளைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா.

— கையைப் பாத்தியா?

— கட்டைத்தான் பாத்தேன். ரெண்டு கையிலயும் முட்டி வரைக்கும் வெள்ளைத் துணி. வீரப்பா... அந்தக் கை இனி கொழுந்து கிள்ளுமா?

— விரல் மடங்கறதுக்கே மாசக்கணக்கா ஆகும்ங்கிறாங்க.

— மூணாம் டிவிஷன்லயே அவ கைதான் வேகம். அவ நெரையில இறங்குனா கங்காணிக்குக் கூட வாய் மூடிக்கும்.

— அதனாலதான் சொல்றேன். கவனமா கேளு அக்கா. அந்த ஆறு வீட்டு லயத்துக் கூரைக்குக் கீழ கட்டுன தாள் நான் செஞ்சது. எரியாதுன்னு சொன்னது நான். அது எரிஞ்சிருச்சு. ஆனா அவ அடுப்பைக் காலையில சரி பண்ணிக் குடுத்த பாவத்துக்கு மச்சானை எஸ்டேட்டை விட்டே தொரத்தப் போறாங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?

— அவரே ஒத்துக்கிட்டாரு லா.

— எதை?

— திரியைக் கூட ஏத்திப் பூட்டிட்டேன், அதான் நெருப்பு மேல போயிருச்சுன்னு. நேத்தே துரைகிட்ட சொல்லிட்டாரு.

— நெசமா ஏத்திப் பூட்டுனாரா?

— மண்ணெண்ணெய் அடுப்புன்னா ஒரு நா இல்ல ஒரு நா குப்புன்னு பத்தத்தான் செய்யும்.

— நான் கேட்டது அது இல்ல.

— எனக்கு அதான் தெரியும்.

— சம்சு குடிச்சிட்டுப் பூட்டுனாருன்னு எழுதியிருக்காங்களாமே?

— தீப்புடிச்சது போன வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அவரு வாயில பச்சைத்தண்ணிகூட மதியத்துக்கு மேலதான். ஒன் மச்சான் கருப்பையா வெரதம் ஊருக்கே தெரியும். ஆனா கருப்பையா சம்சு அதைவிட நல்லாத் தெரியும் இல்ல, அதான்.

— வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவீங்க?

— கோலா தெர்லாவுல காய்கறித் தோட்டத்துல ஆளு எடுக்கறாங்களாம். முட்டைக்கோசு வெட்டிட்டுப் போறோம். கொழுந்து கிள்ளுன கைக்குக் கோசு என்னா பெரிய சூசா, கஷ்டமா?

— சிரிக்காத அக்கா. சிரிச்சா நீ பொய் சொல்றேன்னு அர்த்தம். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்.

— ஆமா, டாக்டரு. நாடி பாத்துட்டாரு. ஒன்னைய டாக்டர்னு சொன்னதுக்கு அந்த மிஸ்ஸி காலையில எங்கிட்ட என்னா கேட்டுச்சு தெரியுமா? முட்டி வலிக்கு என்னா மருந்து எழுதுவாருன்னு! எந்தம்பி ஆளுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரு இல்ல, பிளாஸ்டிக்குக்கு வைத்தியம் பாக்கற டாக்டருன்னேன்.

— நல்ல வைத்தியம். நோயாளி எரிஞ்சு போச்சு.

— விடு லா.

— எப்படி விடறது? எழுவத்தொண்ணுல அம்மா...

— அதை எடுக்காத.

— எடுக்காம இதைப் பேச முடியாது. அன்னிக்கும் இதே லயம். பனித்தண்ணி மேல சொட்டக்கூடாதுன்னு தகரத்துக்குக் கீழ வெறும் பிளாஸ்டிக் கட்டியிருந்தோம். விளக்கு சாஞ்சதும் அது பத்திக்கிட்டு, நெருப்பு துளித்துளியா சொட்டுச்சு. அம்மா முதுகு மேல. ஒவ்வொரு துளியும் விழறப்ப ஒரு சத்தம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. வாயை மூடு.

— அந்தச் சத்தத்துக்காகத்தானே நான் இந்தப் படிப்புக்கே போனேன். நெருப்பு பட்டா எரியக்கூடாது. வேலை முடிஞ்சு மண்ணுல போட்டா மக்கிப் போகணும், சாக்கடைக் கானையும் ரிங்லெட் அணையையும் அடைக்கக்கூடாது. ரெண்டும் ஒரே தாளுல வேணும்.

— அன்னிக்கே நான் கேட்டேன். மருமக வேணும், அவ வாயி வேணாங்கிற மாதிரி இருக்கேடான்னு.

— நீ கேட்டதுதான் சரி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆவாது. மக்கறதுக்குன்னு மரவள்ளிக்கிழங்கு மாவு சேத்தேன். எரியாம இருக்கறதுக்கு ஒரு உப்பு சேத்தேன். மாவுக்கு ஈரம் புடிக்கும். ஈரத்துல உப்பு கரையும். உப்பு போயிருச்சுன்னா அது நெருப்பைத் தடுக்காது. சரியா?

— எனக்கு எதுக்கு இந்தப் பாடம்?

— ஏன்னா இது எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா.

— என்னா தெரியும்?

— லேப்ல ஒரு ஈரப்பெட்டி இருக்கு. கேமரன் மலைக் குளிரு, பனி, எல்லாத்தையும் அதுக்குள்ள உண்டாக்கலாம். போன நவம்பர்ல என் தாளை அதுக்குள்ள வச்சேன். முப்பதாம் நாள் எடுத்து நெருப்புல காட்டுனேன், எரியல. நாப்பத்தஞ்சாம் நாள் கொஞ்ச நேரம் எரிஞ்சு அணைஞ்சது. அறுபதாம் நாள்...

— சொல்லு.

— காய்ஞ்ச சருகு மாதிரி எரிஞ்சது.

— அப்ப அதை யாருகிட்டயும்...

— சொல்லல. ரிப்போர்ட்டை மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன்.

— ஏன் தம்பி?

— தைப்பூசம் முடிஞ்சதும் பதினோரு எஸ்டேட்டுலயும் வேலைக்குப் போறவங்க புள்ளைங்களை விடற ஆயாக் கொட்டகைக்கு என் தாளைக் கட்டறதுன்னு நாள் குறிச்சிட்டாங்க. படம் புடிக்க ஆள் வருது, பெரிய மனுஷங்க வர்றாங்க. அந்த நேரத்துல போய், ஐயா இது எரியும்னு எந்த வாயால சொல்றது? அதோட, எங்கிட்ட நீ அனுப்புன துண்டுங்க இருந்துச்சு.

— என் துண்டு...

— மாசம் ஒண்ணு, உள்ளங்கை அளவு. மேல கட்டுன தாளுல இருந்து வெட்டி, தேதி எழுதி, கவர்ல போட்டு நீ அனுப்புனதுதானே? ஒவ்வொண்ணையும் நெருப்புல புடிச்சேன். இப்ப வரைக்கும் வந்த பதினேழும் எரியல. நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சது. அப்ப நான் என்ன நெனைப்பேன்? பெட்டி பொய் சொல்லுது, மலையில தொங்கறதுதான் நெசம்னு நெனைச்சேன். அப்படி நெனைக்கத்தான் எனக்கு ஆசை.

— கிராணி வர்றாரு. கவரை மறை.

— அட, யாரு! நம்ம டாக்டர் தம்பியா? எப்ப மேல ஏறுனீங்க? சௌக்கியமா?

— இப்பதான் வந்தேன் கிராணி ஐயா. விசாரணை நாலு மணிக்குத்தானே?

— மூணரைக்கு மாத்திட்டாங்க தம்பி. துரைக்கு ஈப்போவுல விருந்து இருக்காம். இந்தத் தங்கராஜுக்கு என்ன விருந்து, அலைச்சல்தான். பவளம், அம்மாக்கண்ணு முழிச்சிருக்காளா? ஒரு கைநாட்டு வாங்கணும்.

— தூங்குறாங்க ஐயா. என்னாத்துல கைநாட்டு?

— சின்ன விஷயம்தான். அடுப்பு பழுதுனால தீப்புடிச்சது, பழுது பாத்தது கருப்பையான்னு ரெண்டு வரி. படிச்சுக் காட்டிட்டு ஒரு நாட்டு வாங்கிட்டா ஃபைலை மூடிறலாம்.

— ஐயா, அவங்களுக்கு ரெண்டு கையும் கட்டுப் போட்டிருக்கு. நாட்டு எங்க வைப்பாங்க?

— அட ஆமால்ல! இதை ஆப்பீஸ்ல யாருமே யோசிக்கலையே! காலு பெருவிரல்ல வாங்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்.

— கிராணி ஐயா, அந்த ரெண்டு வரியே தப்பு. இந்தக் கவரை வாங்கிக்குங்க. தீ பரவுனதுக்குக் காரணம் என் தாள். நானே கைப்பட எழுதியிருக்கேன்.

— தம்பி, தம்பி. கொஞ்சம் மெதுவா. ஒங்க தாளைப் பத்திப் பேச்சே எடுக்க வேணாம்னு துரை சொல்லியாச்சு. ஆயாக் கொட்டகைக் கூரையைக் காட்டிப் பேப்பர்ல படம் வந்து ரெண்டு மாசம்கூட ஆவல. இப்பப் போய் அது எரியும்னா யாரு மூஞ்சில கரி?

— அம்மாக்கண்ணு கையில இருக்கற கரி போதாதா?

— நான் சம்பளக்காரன் தம்பி. எங்கிட்டக் கோவிச்சு என்ன ஆவப் போவுது? கவரை நீங்களே வச்சுக்குங்க. வேணும்னா மூணரைக்கு ஆப்பீஸுக்கு வந்து துரை கையிலயே குடுங்க. நான் பாக்கல, நீங்க காட்டல. பவளம், ஒந்தம்பிக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு.

— சரிங்க ஐயா. போயிட்டு வாங்க.

— நெஞ்சுல கல்லு வச்சுக்கிட்டுப் பொறந்தவரா இந்தத் தங்கராஜு?

— இல்ல. அவரு வீட்லயும் நாலு பேரு சாப்புடணும். இப்பவாவது புரிஞ்சுதா? யாருக்கும் ஒன் கடுதாசி வேணாம். கிழிச்சுப் போட்டுட்டு ஊருக்குப் போ லா.

— போக மாட்டேன். நேரா துரை மேசையிலயே வைக்கிறேன். கூடவே அத்தாட்சியும் இருக்கு.

— என்னா அத்தாட்சி?

— வர்ற வழியில லயத்துல இறங்குனேன். அம்மாக்கண்ணு வீட்டு மூலையில ஒரு ஆணியில எரியாத ஓரம் கொஞ்சம் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். இதோ.

— அதைக் குடு.

— ஏன்?

— குடுன்னா குடு. கருகுன சாமானைப் போய்ப் பையில வச்சுக்கிட்டு!

— பேப்பர்ல சுத்தித்தான் வச்சிருக்கேன். இதை அப்படியே லேபுக்குக் கொண்டு போய்... இரு. என்ன இது?

— என்னா?

— இவ்ளோ வழவழன்னு இருக்கு. பதினேழு மாசம் ஈரத்துல தொங்குன மாவுத்தாள் இப்படியா இருக்கும்? நெருப்புப்பெட்டி இருக்கா உங்கிட்ட?

— ஆஸ்பத்திரி தம்பி! இங்கயா கொளுத்துவ?

— வெளிய வா. அந்தக் கான் ஓரத்துக்கு. காத்தடிக்காம முந்தானையால மறை.

— வேணாம் வீரப்பா. நான் சொல்றதக் கேளு.

— மறை அக்கா. முதல்ல இதைப் பாரு. இது நீ போன வாரம் அனுப்புன பதினேழாவது துண்டுல மிச்சம். காடியிலயே வச்சிருந்தேன். கொளுத்தறேன். பாத்தியா? நெருப்பை எடுத்ததும் அணைஞ்சிருச்சு. என்ன வாசம் வருது?

— சுட்ட கிழங்கு மாதிரி.

— ஆமா. இப்ப இந்த ஓரம். ஆணியில இருந்தது.

— தம்பி...

— அக்கா, இது சொட்டுது! நெருப்புத் துளித்துளியா சொட்டுது! அந்தச் சத்தம் கேக்குதா? என் தாள் உப்பு போனாலும் கரியாத்தான் ஆகும், மாவு கருகும், இப்படிச் சொட்டாது. இது மெழுகுவர்த்தி வாசம் அடிக்குது. இது என் தாளே இல்ல. இது வெறும் பிளாஸ்டிக்!

— அணைச்சிரு. காலால மிதி. மிதி!

— அம்மா மேல சொட்டுன அதே பிளாஸ்டிக். இது எப்படி அந்தக் கூரைக்கு வந்துச்சு?

— கத்தாத. இந்தக் கல்லுல உக்காரு. சொல்றேன்.

— சொல்லு.

— நான்தான் கட்டுனேன்.

— நீயா?

— நானும் ஒன் மச்சானும். ஒன் தாளு தீபாவளிக்கு முன்ன ஏறுச்சு இல்ல, எம்பத்துமூணுல? அந்த வருஷம் மழை விடவே இல்ல. மொதல்ல கறுப்புப் புள்ளியா விழுந்துச்சு. ஈரத்துணியால தொடைச்சேன். மறுவாரம் இன்னும் கூட. அப்பறம் ஒரு நா காலையில ஒன் மச்சான் காப்பிக் கிளாசுக்குள்ள கூரை துண்டு துண்டா விழுது. நீ புதைச்சா மக்கும்னு சொன்ன. அது தொங்கிக்கிட்டே மக்கிருச்சு லா.

— ஏன் எனக்கு எழுதல?

— எப்படி எழுதறது? அதே வாரம் ஒன் கடுதாசி வருது. அக்கா, இந்தத் தாளு மொதல் மூணு மாசம் தாங்குனாத்தான் எனக்கு அடுத்த வருஷம் லேப்ல இடம், இல்லன்னா மூட்டை கட்டணும்னு எழுதியிருந்த. ஒன் எழுத்து நடுங்கியிருந்துச்சு வீரப்பா. எனக்குத் தெரியாதா ஒன் எழுத்து?

— அதுக்காக?

— ஒன் மச்சான் ரிங்லெட் பாசாருக்குப் போயி, நாத்து மூடுறதுக்குத் தோட்டக்காரங்க வாங்கற பச்சை பிளாஸ்டிக் வாங்கிட்டு வந்தாரு. அச்சு அசலா ஒன் தாளு கலரு. எல்லாரும் மலையில நிக்கறப்ப ஆறு வீட்லயும் மாத்திட்டோம். அக்கம்பக்கத்துல கேட்டதுக்கு, எந்தம்பி இன்னும் ஒசத்தியா புதுசு அனுப்பியிருக்கான்னேன்.

— அப்ப அந்தத் துண்டுங்க? மாசாமாசம் வந்துச்சே?

— நீ ஏழாவதா ஒரு தாளு குடுத்திட்டுப் போன ஞாபகம் இருக்கா? கிழிஞ்சா மாத்திக்கன்னு. அதை அம்மா சீலையோட இரும்புப் பொட்டியில வச்சிருந்தேன். அந்துருண்டை போட்டு. ஈரம் படாம. அதுல வெட்டி வெட்டி அனுப்புனேன்.

— பெட்டியில இருந்து...

— ஒந்தாளு நல்ல தாளுதான். பொட்டிக்குள்ள ஒரு பொட்டுக்கூட கறுக்கல பாத்துக்க.

— அம்மா செத்த பிளாஸ்டிக்கையே மறுபடியும் கட்டுனியே அக்கா! எப்படிக் கை வந்துச்சு உனக்கு?

— ஒரு மாசம்னு நெனச்சேன். அடுத்த தாளை நீ இன்னும் நல்லாச் செஞ்சு எடுத்துட்டு வருவ, அப்ப இதக் கழட்டிறலாம்னு. மாசம் மாசமா பாத்தேன். நீ அடுத்த தாளு கொண்டாரவே இல்ல.

— நீ நல்லா இருக்குன்னு எழுதுனா நான் எதுக்கு அடுத்தது செய்வேன்?

— அதான். அதான் தம்பி. அது எனக்குப் போன வெள்ளிக்கிழமைதான் ஒறைச்சுச்சு.

— போன பொங்கலுக்கு நான் வந்தேனே. மேல பாத்தேன்.

— பாத்த. நான் அடுப்படியில நின்னு ஒன்னையவே பாத்துக்கிட்டு இருந்தேன். ஸ்டூலு கொண்டா, தொட்டுப் பாக்கறேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் மாட்டிருப்பேன். நீ சொல்லல. காப்பியக் குடிச்சிட்டு, கலர்கூட மங்கல அக்கான்னுட்டுக் காடி ஏறிட்ட.

— கலர் மங்கல... நான் ஒரு விஞ்ஞானி! மாவுத்தாள் ஒரு வருஷம் மங்காம தொங்கினா எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். சந்தோஷம்தான் வந்துச்சு.

— இன்னொண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன். சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிரும்.

— சொல்லு.

— அடுப்பு குப்புன்னு ஏறுனப்ப அம்மாக்கண்ணு ஓடியே வந்திருக்கலாம். கதவு பக்கத்துலதான் இருந்துச்சு. அவ ஓடல. ஓரத்துல பத்துனதை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தா.

— ஏன்?

— நான்தான் சொல்லியிருந்தேன். இது எந்தம்பி செஞ்சது, நெருப்பு ஒட்டாது, கையால தட்டுனாலே அணைஞ்சிரும்னு. ஆறு வீட்லயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவ அதை நம்பித்தான் கைய வச்சா. அது அவ கையில ஒட்டிக்கிச்சு வீரப்பா. உருகி ஒட்டிக்கிச்சு.

— அக்கா...

— இப்ப சொல்லு. ஒன் கடுதாசியில என்னா எழுதியிருக்க? என் தாளு எரிஞ்சதுன்னு. அது பொய். ஒன் மச்சான் அடுப்ப ஏத்திப் பூட்டுனேங்கறாரு. அதுவும் பொய், எனக்காக. கிராணி வச்சிருக்கறதும் பொய். இந்த எஸ்டேட்ல நெசம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான், நான் வாய மூடிக்கிட்டு இங்க பென்ச்சுல உக்காந்திருக்கேன்.

— நீ என்ன செய்யப்போற?

— நீ என்னைத் திட்டு மொதல்ல.

— எந்த வாயால திட்டறது? நீ பொட்டியில மறைச்ச, நான் டிராயர்ல மறைச்சேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே.

— அப்ப எழுது. அந்தக் கவரைக் கிழி. புதுசா எழுது. பவளம் சொல்றதுன்னு போடு. மூணரைக்கு நானே துரை முன்ன வச்சிடறேன். என்னைத் தொரத்தட்டும். போலீஸுக்கும் குடுக்கட்டும். கருப்பையாவை விடட்டும்.

— நெசமாத்தான் சொல்றியா?

— அம்மா சீலை மேல சத்தியமா. எழுது லா. மனசு மாறிரப் போவுது.

— சரி. தேதியெல்லாம் சரியா சொல்லணும், ஒரு நாள் கூடக் குறைய இருக்கக் கூடாது. என் தாளை மேல கட்டுனது?

— தீபாவளிக்குப் பத்து நா முன்ன.

— கறுப்புப் புள்ளி விழுந்தது?

— ஒரு மாசத்துல ஆரம்பிச்சுச்சு. ஈரத்துணி போட்டுத் தொடைச்சதும் இன்னும் வெரசா வந்துச்சு.

— துடைச்சா உப்பு இன்னும் சீக்கிரம் போயிரும். பிஞ்சு விழுந்தது?

— மார்கழி பொறக்கல. ரெண்டு மாசம்கூட ஆவல.

— ரெண்டு மாசம்... சரி... ரெண்டு மாசம்...

— ஏன் பேனாவ நிறுத்திட்ட?

— அப்ப பெட்டி பொய் சொல்லல.

— என்னா?

— ஈரப்பெட்டி அறுபது நாள்னு சொல்லுச்சு. உன் பதினேழு துண்டு ஒண்ணரை வருஷம் தாங்கும்னு சொல்லுச்சு. காலையில கூட வர்ற வழியெல்லாம் நெனைச்சேன், லயத்துத் தாள் ஒண்ணரை வருஷம் கழிச்சுத்தான் எரிஞ்சது, ஆயாக் கொட்டகைங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு, அதை மெதுவா மாத்திக்கலாம்னு.

— ஆயாக் கொட்டகையில கட்டுனது ஒன் தாளுதானே? நெசமான தாளு?

— ஆமா அக்கா, நெசமான தாள்தான்! அதான் பயமே! எப்ப கட்டுனாங்க, சொல்லு.

— தைப்பூசத்துக்கு மறுநா.

— பிப்ரவரியில இருபத்திரெண்டு, மார்ச்சு முப்பத்தொண்ணு, இன்னிக்கு அஞ்சு... அம்பத்தெட்டு. இன்னிக்கு அம்பத்தெட்டாவது நாள்.

— நீ பேசறது எனக்குப் புரியல. மக்கும்னுதான சொன்ன? மக்குனா பிஞ்சு விழும். எரியவுமா செய்யும்?

— மக்கறதுக்கு முன்னாடியே உப்பு போயிரும். அங்க போனியா நீ? கறுப்புப் புள்ளி இருக்கா?

— போன வாரம் பாத்தேன். இருந்துச்சு. நான்தான் மாரியம்மா ஆயாகிட்ட ஈரத்துணி போட்டு நல்லாத் தொடைங்கன்னு...

— ஐயோ! அடுப்பு? புள்ளைங்களுக்குப் பால் காய்ச்சற அடுப்பு எங்க இருக்கு? வெளிய தகரக் கொட்டாய்லதானே?

— முன்னதான் வெளிய. ஒன் கூரை வந்ததுக்கப்பறம் உள்ளயே கொண்டாந்துட்டாங்க. நெருப்பு ஒட்டாத கூரைதானே, மழையில ஏன் ஆயா நனையணும்னு.

— பால் எத்தனை மணிக்கு?

— மூணு மணி.

— இப்ப ரெண்டு அம்பது! காடியில போனா அரை மணி நேரம். மிஸ்ஸி! மிஸ்ஸி, போன் எங்க இருக்கு? எஸ்டேட் ஆப்பீஸுக்கு உடனே பேசணும்! அக்கா, எந்திரி! நீயும் பேசணும், நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. ஏன் அப்படியே உக்காந்துட்ட? எந்திரி!

— தம்பி... அம்மாக்கண்ணு மகளை இன்னிக்குக் காலையில நான்தான் அங்க கொண்டு போய் வுட்டேன். வெள்ளிக்கிழமையில இருந்து அதுக்கு நெருப்பைக் கண்டாலே பயம், உள்ள வரமாட்டேன்னு அழுதுச்சு. இது மாமா செஞ்ச கூரை, இது எரியவே எரியாதுன்னு சத்தியம் பண்ணி, குளிருக்கு எதமா இருக்கட்டும்னு அந்த அடுப்புக்குப் பக்கத்துலயே உக்கார வச்சிட்டு வந்தேன்.